அனுபவமுள்ள பயிற்சி மாணவர் தேவை

“பயிற்சி மாணவர் தேவை. இரண்டு வருட அனுபவம் கட்டாயம்” என்று திரையைப் பார்த்து வாசித்தேன்.

என் சித்தி மகள் யாதிரா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அம்மா சந்தையில் விற்கும் கறி அடைத்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

“இன்னொரு தடவ படி, நெலி.”

“இரண்டு வருட அனுபவம் கட்டாயம். சொந்த வண்டி இருந்தால் நல்லது.”

“சொந்த வண்டி, ரெண்டு வருஷ அனுபவம், இதெல்லாம் வச்சிருக்கிறவன் எதுக்குடி பயிற்சிக்கு வர்றான்? அவன் அட்ரஸ் இருந்தாக் குடு. அவன்கிட்ட நான் பயிற்சிக்குப் போயிடுறேன்.”

அப்போது நான் தலைநகர் லிமாவின் வடகோடியில், கோமாஸில், மலையடிவாரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைக் கம்ப்யூட்டர்களில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கத்திக்கொண்டே சுட்டு விளையாடுவார்கள். கடைசி கம்ப்யூட்டர் யாதிராவுடையது. காசு வாங்க மாட்டேன், அதற்குப் பதிலாக அவள் புலம்பலை நான் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். எனக்குத்தான் நஷ்டம் என்று பிறகு புரிந்தது.

யாதிரா சுல்கா எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். அரசுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்று, மூன்றாம் முறை உள்ளே போனாள். எடுத்த படிப்பு குடிநீர், கழிவுநீர்ப் பொறியியல். தெருவில் அவளுக்குக் ‘கக்கூஸ் இன்ஜினியர்’ என்று பெயர் வைத்தார்கள். “ஆமாண்டா, உனக்கு அவசரம்னா என்கிட்டதான் வரணும்” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் படியேறிப் போவாள். எங்கள் மலையில் அன்று குழாய் கிடையாது. லாரி வரும், வாசலில் இருக்கும் நீல டிரம்மை நிரப்பும், போகும். லாரி வராத நாள்களில் பக்கத்து வீட்டோடு சண்டை வரும். அந்த மலையில் பிறந்தவள் வேறென்ன படிப்பாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போதுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. ஏதாவது ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சி செய்து சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம். நல்ல மதிப்பெண் வாங்கியவள், யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தாள். நானும் நினைத்தேன். என்னிடமிருந்த ஒரே கறுப்புக் கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டு, வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தேன்.

“சிரிக்கலாமா?”

“லேசா.”

“இப்படியா?”

“இது பல் டாக்டர்கிட்ட வந்தவ மாதிரி இருக்கு.”

பயோடேட்டா தயாரானது. குழாய் போடும் கம்பெனி, தொட்டி கட்டும் கம்பெனி, தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகம், சுரங்கக் கம்பெனி என்று லிமாவில் ஈரமான எதையாவது தொடுகிற எல்லோருக்கும் அனுப்பினாள். பெரும்பாலும் பதில் இல்லை. வந்த பதில்களும் இயந்திரம் எழுதியவை: “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.”

அவள் வகுப்புத் தோழன் ஒருவன் காரணம் சொன்னான். “கோமாஸ்னு அட்ரஸ் போட்டா எவன் கூப்பிடுவான்? என் மாமா வீடு நகர நடுவுல, ஹெசூஸ் மரியாவுல இருக்கு. அதப் போட்டுக்க.” யாதிரா அரை மனதோடு ஒரே ஒரு விண்ணப்பத்தில் அதைப் போட்டாள். மறுநாள் காலையிலேயே போன் வந்தது. அவள் கொல்லையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சீஞோரிட்டா சுல்கா? உங்க வீடு எங்க ஆபீஸ்ல இருந்து நாலு தெருதானே! இன்ஜினியர் இப்ப ஃப்ரீயா இருக்கார். நடந்தே வந்துடுங்களேன்.”

“இதோ… வந்துட்டே இருக்கேன்” என்றாள் யாதிரா, நுரையோடு.

கோமாஸிலிருந்து ஹெசூஸ் மரியாவுக்கு அந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரம். வேன் மாறி, பஸ் மாறி, ஈரத்தலையோடு அவள் போய்ச் சேர்ந்தபோது இன்ஜினியர் சாப்பிடப் போய்விட்டார். வாசல் காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்து, “நாலு தெரு நடக்கவா இவ்வளவு நேரம்?” என்று கேட்டாராம். திரும்பி வந்ததும் கோட்டைக் கழற்றி என் மேல் எறிந்தாள். “இனிமே கோமாஸ்தான். மலை, தெரு, டிரம் கலர் வரைக்கும் எழுதப் போறேன்.”

இன்னொரு முறை பணக்காரர்கள் இருக்கும் சான் இசித்ரோவில் பளபளப்பான கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். விளம்பரத்தில் ‘தண்ணீர்த் துறையில் இளம் தலைவர்கள்’ என்று இருந்தது. போனால் ஒரு ஹால் நிறையப் பிள்ளைகள். டை கட்டிய ஒருவன் மேடையில் குதித்துக் கைதட்டினான், எல்லோரையும் கைதட்டவைத்தான். கடைசியில் பார்த்தால், வீட்டுக் குழாயில் மாட்டும் தண்ணீர் வடிகட்டி விற்க வேண்டும். முதலில் சொந்தக்காரர்களுக்கு விற்க வேண்டும்.

யாதிரா கையைத் தூக்கினாள். “எங்க தெருவுல குழாயே இல்ல சார். இத எதுல மாட்டுறது?”

அவன் கண் இமைக்காமல் சொன்னானாம்: “அருமை! அப்படின்னா அங்க போட்டியே இல்ல!”

இன்னொரு இடத்தில் நேர்காணல் என்று போனால், வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பழைய செய்தித்தாளால் பாலம் கட்டச் சொன்னார்கள். பிறகு ஒரு மனோதத்துவப் பெண்மணி ஒவ்வொருவரிடமும், “நீங்க ஒரு காய்கறியா இருந்தா என்ன காயா இருப்பீங்க?” என்று கேட்டாள். ஒருவன் மிளகாய் என்றான், துடிப்பானவனாம். யாதிரா உருளைக்கிழங்கு என்றாள்.

“ஏன்?”

“எங்க போட்டாலும் முளைக்கும். கேள்வி கேட்காது.”

அந்தப் பெண்மணிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாம் கூடிவந்த நேரத்தில், “நீங்க இப்ப ஒன்பதாவது செமஸ்டரா? எங்களுக்குப் பத்தாவதுல இருக்கிறவங்கதான் வேணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்தாவது செமஸ்டர் வந்ததும் அதே இடத்துக்கு மறுபடி அனுப்பினாள். இந்த முறை, “பத்தாவதா? சீக்கிரம் படிப்பு முடிஞ்சிடுமே, ஒன்பதாவதுல இருந்தாப் பரவாயில்ல” என்றார்கள். அன்று அவள் ஒன்றும் புலம்பவில்லை. பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

வெளியே இப்படியென்றால் பல்கலைக்கழகத்துக்குள் அதைவிட மோசம். ஓரளவு பிடி கொடுத்த கம்பெனிகளும், “முதல்ல உங்க பல்கலைக்கழகத்துல இருந்து அறிமுகக் கடிதம் வரட்டும்” என்றன. அதைத் தருகிறவர் துறை அலுவலகத்தில் இருந்த சீஞோரா எர்மெலிந்தா என்ற அம்மாள். காலையில் சற்று நேரம் மட்டும் திறக்கும் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

“யார் பேருக்குக் கடிதம்?”

“கடிதம் வந்தாத்தான் பேர் சொல்வாங்களாம், சீஞோரா.”

“பேர் இல்லாமக் கடிதம் போகாது.”

“கடிதம் இல்லாமப் பேர் வராது.”

“அப்ப பேர வாங்கிட்டு வாங்க, சீஞோரிட்டா. அடுத்து யாரு?”

சித்திக்கு இதெல்லாம் விளங்கவில்லை. “நான் சந்தையில கடை போட யார்கிட்டயும் பயிற்சி எடுக்கல. சட்டிய வச்சேன், எண்ணெயை ஊத்துனேன்” என்பார். “நீயும் போய் உக்காந்துடேன் அந்த ஆபீஸ்ல. எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்காத.” யாதிரா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கம்பெனிகள் சொன்னதைவிடச் சித்தி சொன்னதில் அர்த்தம் இருந்ததாக எனக்குப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில்தான் எங்கள் மலைக்குக் குழாய் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. எத்தனையோ தேர்தலில் வாக்குறுதி கொடுத்து மறந்த குழாய். வேலையை எடுத்திருந்தது ஒரு பெரிய கம்பெனி. யாதிரா நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் நன்றிக் கடிதம் வாங்கிய அதே கம்பெனி.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்துத் திடலில் ஊர்க்கூட்டம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி சீஞோரா சத்துர்னினா. குட்டையான உருவம், கையில் எப்போதும் ஒலிபெருக்கி. அது இல்லாமலும் அவர் குரல் அடிவாரம் வரை கேட்கும், ஆனாலும் பிடித்திருப்பார். கம்பெனி சார்பில் பெர்னாலெஸ் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். நரைத்த மீசை, தூக்கம் கெட்ட கண். வரைபடத்தைக் கோல்கம்பத்தில் ஒட்டி விளக்கினார். குழாய்களை வேலி போட்டு அடுக்கிவைக்க இந்தத் திடல் வேண்டும் என்று கேட்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து யாதிரா முன்னே போனாள். வரைபடத்தை மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தாள்.

“இன்ஜினியரே, தொட்டி இங்கதானே வருது? அப்படின்னா அதுக்கு மேல இருக்கிற வீடுகளுக்குத் தண்ணி எப்படி ஏறும்?”

சலசலப்பு எழுந்தது. பெர்னாலெஸ் அடுத்த தாளைப் புரட்டிக் காட்டினார். “அதுக்குத் தனியா இன்னொரு மோட்டார் இருக்கு, பாருங்க.”

“ஓ.” அவள் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. “சரி. இந்தக் கோடு எங்க படிக்கட்டு மேலயே போகுதே? அத உடைப்பீங்களா?”

அந்தப் படிக்கட்டு நாங்கள் ஞாயிறுதோறும் கூடிச் சிமெண்ட் சுமந்து கட்டியது. இப்போது சலசலப்பு இரைச்சலானது. பெர்னாலெஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“உடைச்சுத்தான் ஆகணும். திரும்பக் கட்டித் தருவோம். நீங்க என்ன படிக்கிறீங்க?”

சொன்னாள்.

“எங்க பயிற்சி பண்றீங்க?”

“எங்கயும் இல்ல. உங்க கம்பெனிக்கே நாலு தடவ அனுப்பினேன்.”

திடலே சிரித்தது. பெர்னாலெஸும் மீசைக்குள் சிரித்துவிட்டு, பாவம், வாயில் வந்ததைச் சொன்னார்: “அது… வெப்சைட்ல போடணும்.”

சத்துர்னினா ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார்.

“கேட்டீங்களா மக்களே? வெப்சைட்ல போடணுமாம். இன்ஜினியரே, எங்க திடலும் இனிமே வெப்சைட்லதான். நீங்களும் விண்ணப்பம் போடுங்க. நாங்க உங்க ஆர்வத்துக்கு நன்றி சொல்றோம்!”

அப்படி ஒரு கைதட்டலை அந்தத் திடல் பந்தாட்டத்தில்கூடக் கண்டதில்லை. சத்துர்னினா அதோடு விடவில்லை. திடல் வேண்டுமானால், இந்த மலைப் பிள்ளை ஒருத்திக்குப் பயிற்சி இடம் கொடுக்க வேண்டும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

யாதிராவைப் பார்த்தேன். பூமி பிளந்தால் இறங்கிவிடுவாள் போலிருந்தது. கூட்டம் முடிந்ததும் சத்துர்னினாவைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு உங்களக் கேக்கச் சொன்னது? நான் மார்க் வாங்கியிருக்கேன். பிச்சையெடுத்தா உள்ள போகணும்?”

“நீயா கேட்ட? நான்தானே கேட்டேன்.”

“நாளைக்கு எல்லாரும் திடலைக் காட்டி வேலை வாங்கினவள்னு சொல்வாங்க.”

“மகளே, அந்த ஆபீஸ்ல இருக்கிறவன்லாம் எப்படி உள்ள போனான்னு நெனைக்கிற? அவனுக்கு மாமா இருந்தான். உனக்கு மலை இருக்கு. போய்க் கோட்டப் போடு.”

யாதிரா இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து, “கோட்ட எடு” என்றாள்.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தோம். கம்பெனியின் மனிதவளத் துறை, விதிப்படி எல்லோரும் வெப்சைட் வழியாகத்தான் வர வேண்டும் என்றது. போட்டாள். ‘இந்த அடையாள எண் ஏற்கனவே நிராகரிக்கப்பட்டது, ஆறு மாதம் கழித்து முயலவும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பெர்னாலெஸுக்குப் போன் போட்டாள். அவர் யாரையோ திட்டினார். சிவப்பு எழுத்து போயிற்று. இப்போது அறிமுகக் கடிதம். இந்த முறை பெயர் கையில் இருந்ததால் ஜன்னலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். சீஞோரா எர்மெலிந்தா எழுதிக் கொடுத்தார், ‘இன்ஜினியர் பெர்னால்’ என்று. கம்பெனி, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பியது. திருத்திய கடிதத்தில் பெயர் சரி, யாதிராவின் பெயரில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது.

“என் அம்மா என்னைப் பெத்தது ஒரு நாள்ல, நெலி. இவங்க என் பேர எழுத எத்தன வாரம் எடுத்துக்கிறாங்க பாரு.”

அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது குழாய்ப் பள்ளம் பாதி மலை ஏறியிருந்தது. அப்போதும் அவளை மலைக்கு அனுப்பவில்லை. சான் போர்ஹாவில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். காலையில் வீட்டைவிட்டு வெளியே வரும்போது வாசலிலேயே பள்ளம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் அதைத் தாண்டிக் குதித்து, வேன் பிடித்து, இரண்டு மணி நேரம் போய் ஒரு ஸ்கேனர் முன்னால் நிற்பாள். கூடவே எல்லோருக்கும் காபி.

“யாருக்குச் சர்க்கரை வேணும், யாருக்கு வேணாம்னு கத்துக்கிட்டேன். இதுக்குத்தான் அஞ்சு வருஷம் நீரியல் படிச்சேன்.”

ஒரு நாள் பொறுமை போய், பெர்னாலெஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தன்னைக் களத்துக்கு அனுப்பச் சொன்னாள். அவர் தயங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க. களத்துல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இல்ல. விதிப்படி அனுப்ப முடியாது.”

“கழிவுநீர்க் கம்பெனியில கழிப்பறை இல்லையா?”

அவர் மீசையைத் தடவினார்.

“இன்ஜினியரே, அந்தக் களம் என் வீட்டு வாசல். எங்க வீட்ல கழிப்பறை இருக்கு.”

பெர்னாலெஸ் ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினாராம்.

ஹெல்மெட்டோடு அவள் மலையில் நடந்த முதல் நாள் சித்தி சந்தைக்கே போகவில்லை. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் உருளைக்கிழங்கு கொடுத்தார். அந்தச் சந்தோஷம் அவ்வளவுதான். மறுவாரத்திலிருந்து மலையில் நடந்த எல்லாக் குற்றத்துக்கும் யாதிராதான் பொறுப்பு. பள்ளத்தில் நாய் விழுந்தால் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தூசி, உடைந்த படிக்கட்டு, மண்மேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோ, எல்லாவற்றுக்கும் தட்டினார்கள். ஞாயிறு விடியலில் பல் விளக்கிக்கொண்டே புகார் கேட்பாள். யார் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாரோ, அந்தச் சத்துர்னினாவே ஒலிபெருக்கியில், “சீஞோரிட்டா யாதிரா சுல்கா! என் வாசல் மண்ணை எப்ப அள்ளுவீங்க?” என்று மலை முழுக்கக் கேட்க விசாரிப்பார்.

“நான் பயிற்சி மாணவி, சீஞோரா! மண்வெட்டிகூட என் பேர்ல இல்ல!”

“ஹெல்மெட் இருக்குல்ல?”

கம்பெனிப் பக்கம் மேஸ்திரி வில்பெர். நல்ல வேலைக்காரர், ஆனால் அவருக்கு மேலிருந்து தேதி நெருக்கிக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் தெருப் பள்ளத்தை மூடியாக வேண்டும், பண்டிகைக்கு ஆட்களெல்லாம் ஊருக்குக் கிளம்புகிறார்கள். மூடுவதற்கு முன் குழாயில் தண்ணீரை அழுத்தி அடைத்து, மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை எழுதிக்கொள்வதுதான் யாதிராவுக்குக் கொடுத்திருந்த வேலை. முள் நிற்கவில்லை. மெல்ல இறங்கியது. மறுபடி அழுத்தினார்கள், மறுபடியும் இறங்கியது.

“பழைய மீட்டர் அது” என்றார் வில்பெர். “நின்னுச்சுன்னு எழுதிடுங்க, சீஞோரிட்டா. பயலுக பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“வேற மீட்டர் இருக்கா?”

இருந்தது. மாற்றினார்கள். அதுவும் இறங்கியது.

“துளியூண்டு. மண்ணு போட்டா அமுங்கிடும்.”

யாதிரா எழுதவில்லை. பெர்னாலெஸுக்குப் போன் போட்டாள். அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, “எந்த இணைப்புன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் மூட வேணாம்” என்றார். வில்பெர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஆட்கள் அவளைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. பண்டிகைக்குத் தெருவைச் சுத்தம் செய்து, சாக்லேட் பானம் காய்ச்சி, பிள்ளைகளுக்கு விருந்து வைப்பதற்காகக் காத்திருந்த ஊரும் சேர்ந்துகொண்டது. ஒலிபெருக்கி வந்துவிட்டது.

“கிறிஸ்துமஸ் அன்னிக்கும் பள்ளத்தையா தாண்டணும்? யாரு நிறுத்தினது?”

“நான்தான்” என்றாள் யாதிரா. பள்ளத்துக்குள்ளிருந்து சொன்னாள், முழங்கால் வரை சேறு. “இன்னிக்கு மூடினா ஒழுகுற தண்ணி எல்லாம் உங்க வீட்டு அஸ்திவாரத்துல போய் நிக்கும். உங்க வீடுதான் கீழ இருக்கு, என் வீடு இல்ல.”

சத்துர்னினா ஒலிபெருக்கியை இறக்கினார். “எத்தன நாள் ஆகும்?”

“தெரியாது.”

“என்னது?”

“தெரியாது, சீஞோரா. எங்க ஒழுகுதுன்னு தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

சத்துர்னினா அவள் ஹெல்மெட்டைப் பார்த்தார். “இந்த மலையில ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்த எவனும் தெரியாதுன்னு சொன்னதே இல்லடி” என்றார். பிறகு திரும்பி, கூடியிருந்தவர்களைப் பார்த்து, “என்ன வேடிக்கை? சாக்லேட்ட மேல் தெருவுல காய்ச்சிக்கலாம், நடங்க!” என்று விரட்டினார்.

பண்டிகை முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகு ஒழுகின இணைப்பைக் கண்டுபிடித்தார்கள். ரப்பர் வளையம் ஒன்று மடங்கி உட்கார்ந்திருந்தது. மாற்றுவது அரைமணி வேலை. வில்பெர் அவளோடு அதற்குப் பிறகும் பல நாள் பேசவில்லை. ஒரு நாள் அவராகவே வந்து, “இந்த இணைப்பையும் பாத்துடுங்க” என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று யாதிரா எடுத்துக்கொண்டாள்.

இப்படியெல்லாம் உழைத்தவளைக் கம்பெனி நிரந்தரமாக எடுத்துக்கொண்டிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஆறு மாதம் முடிந்த அன்று ஒரு கேக் வெட்டி, புது ஆட்களை எடுப்பதைத் தற்சமயம் நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார்கள். பெர்னாலெஸ் தலை குனிந்து நின்றார். அவருக்கே வேலை நிச்சயமில்லை என்று பிறகு தெரிந்தது. சான்றிதழில், ‘நிர்வாகப் பிரிவில் ஆவணங்களை நகலெடுத்தார்’ என்று மட்டும் இருந்தது. அதைப் படித்ததும் யாதிரா கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு மனிதவளத் துறைக்கு மாடியேறினாள். பின்னாலேயே பெர்னாலெஸும் ஏறினார். மாற்றி எழுதி வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள்.

அதைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தால், சீஞோரா எர்மெலிந்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “முத்திரை சதுரமா இருக்கே. வட்டமா இருக்கணும்” என்றார்.

யாதிரா கத்தவில்லையாம். ஜன்னல் கட்டையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, “நான் இங்கயே இருக்கேன், சீஞோரா. அது வட்டமா மாறுற வரைக்கும்” என்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மணி ஆக ஆக வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. சாத்தும் நேரம் வந்தும் அவள் முழங்கையை எடுக்கவில்லை. எர்மெலிந்தா பெருமூச்சு விட்டுக் காகிதத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

மலைக்குத் தண்ணீர் வந்தது ஜூன் மாதம். அன்று யாதிரா மலையில் இல்லை, சான் இசித்ரோவில் இன்னொரு நேர்காணலில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வாசல் குழாய் முதலில் இருமியது, பிறகு காபி நிறத்தில் துப்பியது, அப்புறம் தெளிந்தது. சித்தி குழாயடியில் நின்று கையை மட்டும் நனைத்துக்கொண்டே இருந்தார். நான் யாதிராவுக்குப் போன் மேல் போன் போட்டேன். நான்காவது முறை எடுத்தாள்.

“நெலி, உள்ள கேள்வி கேட்டுட்டு இருக்காங்க, வைடி!”

“தண்ணி வந்துடுச்சுடி!”

“போனை அணைங்க, சீஞோரிட்டா” என்று அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் கேட்டது. “ஒரு நிமிஷம்” என்றாள் அவள். குழாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் கேட்டாள் என்று தெரியாது. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் அவளை எடுத்துக்கொண்டது வான்காவெலிக்கா மலையில் ஒரு சின்ன நகராட்சி. மூச்சு வாங்கும் உயரம், எலும்பைக் குடையும் குளிர். அந்த இடத்துக்கு விண்ணப்பித்ததே அவள் ஒருத்திதான் என்று போன பிறகுதான் தெரிந்தது. அந்த ஊரின் குடிநீர் முழுக்க இப்போது அவள் பொறுப்பு. கோட்டைத் திருப்பி அனுப்பவே இல்லை, அதற்கு மேல் இன்னும் மூன்று போட்டுக்கொள்கிறாளாம்.

ஞாயிறுதோறும் போன் செய்து மேயரைத் திட்டுவாள், குளோரின் வராததைத் திட்டுவாள், குளிரைத் திட்டுவாள். போன வாரம் எடுத்தவுடனே கத்தினாள்:

“நெலி, தொட்டிக்குள்ள ஆடு விழுந்துடுச்சுடி! ஊர்க்காரங்க பத்துப் பேர் வந்து, ஆடு நல்லாத்தானே இருக்கு, தண்ணியத் தொறந்து விடுங்கறாங்க!”

“ஆடு நல்லாருக்கா?”

“ஆடு நல்லாத்தான் இருக்கு! நான்தான் நல்லால்ல!” என்று சொல்லிவிட்டு, தொட்டியை இறைக்க ஆள் கூப்பிடப் போய்விட்டாள்.